ஓட்ஸ் நாவல்கள்: எந்தப் பதிப்பு?

ஆசிரியருக்கு,

அமெரிக்க நாவலாசிரியர் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் பற்றி உங்கள் இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் என்ற கணக்கிலேயே மலைத்து நின்றுவிட்டது. எழுதித் தள்ளுகிறவர், எழுதியதைத் திரும்பிப் பார்க்காதவர் என்ற தொனி வேறு. முதலாவது சரி. இரண்டாவது நேர்மாறு.

1967இல் வெளியான ‘எ கார்டன் ஆஃப் எர்த்லி டிலைட்ஸ்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக் கூலிவேலை செய்யும் குடும்பத்தில் பிறந்த கிளாராவின் கதை அது. தம் இருபதுகளில் எழுதிய இந்த நாவலின் பெரும்பகுதியை, 2003இல் மாடர்ன் லைப்ரரி என்ற பதிப்பகத்தின் மறுபதிப்புக்காக ஓட்ஸ் மறுபடி எழுதினார். ஆட்களும் சம்பவங்களும் ஏறக்குறைய அதேதான், வாக்கியங்கள்தான் வேறு. 1967 என்று ஆண்டைப் போட்டுவிட்டுப் புதிய பதிப்பிலிருந்து மேற்கோள் எடுத்தால், அறுபதைக் கடந்தவரின் நடையை இளம் எழுத்தாளரின் நடை என்று பாராட்டுகிற கூத்து நடக்கும். உங்கள் கட்டுரையில் நடந்திருப்பதும் அதுதான். மேற்கோளோடு பதிப்பாண்டையும் சேர்த்துப் போடுவது ஒன்றே வழி.

‘ஒண்டர்லேண்ட்’ (1971) கெட்டி அட்டையில் ஒரு முடிவோடு வந்தது. அடுத்து வந்த பேப்பர்பேக்கில் முடிவையே மாற்றிவிட்டார். ‘தி அக்கர்ஸ்டு’ 1980களில் எழுதத் தொடங்கியது, அச்சேறியதோ 2013இல். மர்லின் மன்றோவை வைத்து எழுதிய ‘பிளாண்ட்’ (2000) கைப்பிரதியில் ஏறத்தாழ 1,400 பக்கம். வெட்டிச் சுருக்கிய பிறகும் அச்சில் 700 பக்கத்தைத் தாண்டியது.

எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் அதையாவது முழுதாக எண்ணியிருக்கலாம். ரோஸமண்ட் ஸ்மித் என்ற புனைபெயரில் 1987 முதல் வந்த உளவியல் திகில் நாவல்கள் உங்கள் பட்டியலில் இல்லை. கணவர் ரேமண்ட் ஸ்மித்தின் பெயரை ஒட்டி வைத்த பெயர் அது. லாரன் கெல்லி என்றொரு பெயரும் உண்டு. நூலகத்தில் ஓட்ஸ் என்று மட்டும் தேடினால் இவை தப்பிப்போகலாம்.

புதிய வாசகருக்கு ‘பிளாண்ட்’ நாவலைப் பரிந்துரைத்திருப்பதும் பொருந்தவில்லை. அந்தப் பருமனில் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். 1969இல் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி ஓட்டிய கார் நீரில் விழுந்து உடன் சென்ற இளம்பெண் இறந்த சாப்பாக்விடிக் விபத்தை அடியொற்றிய ‘பிளாக் வாட்டர்’ (1992) சின்னப் புத்தகம், ஒரே மாலையில் முடியும். அதற்கடுத்து, 1970இல் தேசியப் புத்தக விருது பெற்ற ‘தெம்’. 1967 இனக் கலவரம் வரை வரும் டெட்ராய்ட் கதை. அந்தக் கலவரத்தின்போது ஓட்ஸ் அந்நகரில்தான் வசித்தார்.

இப்படிக்கு,
அமெரிக்க நாவல் வாசகர்கள் சிலர்