அடுத்த மனுவில் பாசிக்கும் ஒரு வரி

இராமநாதபுரம் கடற்கரை மீனவர் சங்கத் தலைவர்களுக்கு,

வணக்கம் அண்ணே. பாம்பனில் கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கிற ஓர் அம்மாவின் மகள் எழுதுகிறேன்.

கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வீர்கள். உண்மைதான். விசைப்படகும் நாட்டுப்படகும் கடலில் மோதிக்கொண்ட பிறகுதான் 1983-இல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று முதல்வர் அறிவித்ததும் 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில், மீனவர் மாநாட்டு மேடையில்.

சரி, உங்கள் மனுக்களில் பாசி எங்கே?

அம்மா, அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுவார். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டிக் கிடக்கும். மூச்சை அடக்கி முங்கித்தான் பிய்க்க வேண்டும். விரல்களில் துணி சுற்றியிருந்தாலும் கிழியும். மறுநாளும் உப்புத்தண்ணீர் என்பதால் அந்தக் காயம் ஆறுவதே இல்லை. போன வருடம் ஒரு நலத்திட்ட விண்ணப்பத்தில் தொழில் என்ன என்று கேட்டபோது "பாசி எடுக்கிறேன்" என்றார். "அப்படி ஒண்ணு லிஸ்ட்டுல இல்லம்மா" என்று சொல்லி, இல்லத்தரசி என்று எழுதிக்கொண்டார்கள்.

2007 மீனவர் நல வாரியச் சட்டத்தின் பெயரிலேயே மீன்பிடி சார்ந்த தொழிலாளர்களும் இருக்கிறார்கள். (லிஸ்ட் போட்டவர் அதைப் படிக்கவில்லை போல.)

இந்தப் பெண்களுக்கு விதி போடத் தெரியாது என்று நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாகி, பிறகு கெடுபிடி கூடியபோது, திருடிகளைப் போல விரட்டுப்பட்டவர்கள் இவர்கள். அதற்காக ஒதுங்கிவிடவில்லை. கூடிப் பேசி மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று முடிவெடுத்தார்கள்: அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும். தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு. எந்த அதிகாரியும் எழுதித் தந்த விதி இல்லை இது.

நான் கேட்பது பெரிதில்லை. ஊர்க்கூட்டத்தில் பெண்களையும் உட்கார வையுங்கள். வாசலில் நின்று கேட்டது போதும். ஆட்சியரிடம் அடுத்து கொடுக்கும் மனுவில், பாசி எடுப்பவர் என்று தொழிலைக் குறித்து அவரவர் பெயரிலேயே வாரிய அட்டை வேண்டும், சும்மா இருக்கும் நாட்களுக்கு நிவாரணம் வேண்டும் என்று சேருங்கள்.

அப்புறம், அக்டோபர் 2 கிராம சபைக்குத் தீர்மானத்தை நாங்களே எழுதி வருகிறோம். கை தூக்க நீங்கள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
பாசிக்காரி மகள்