வார்டில் நிற்கும் மகளுக்கு

தாராவி, மும்பை

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் வார்டில் இருக்கும் அந்த அம்மாள், "இவ்வளவு ஜெபித்தும் ஆண்டவர் என்னைச் சுகமாக்கவில்லையே, நான் செய்த பாவமா?" என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல் நின்றதாக எழுதியிருந்தாய். பாவம் என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதே. பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் இதையே கேட்டபோது, அவன் பாவமும் இல்லை, பெற்றவர்களின் பாவமும் இல்லை என்று இயேசு மறுத்துவிட்டார்; யோவான் 9-ஆம் அதிகாரத்தை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டு.

பரேலில் டாடா நினைவு மருத்துவமனைக்கு வரும் நம் ஊர்க்காரர்களுக்குக் கவுண்டரில் இந்தியில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல நான் போவது உனக்குத் தெரியும். விழுப்புரத்திலிருந்து கன்னத்தில் புற்றுநோயோடு வந்த ஒருவருக்கு வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. குழைத்து வடிகட்டிய ரசஞ்சாதத்தை அவர் மனைவி ஸ்பூன் நுனியால் நடைபாதையில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, வேதப்புத்தகத்தோடு வந்த ஒருவர், விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் நோய் தீரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் அன்று முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேதத்தில், எல்லாம் இழந்து நோயில் விழுந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லப் புறப்பட்டபோதுதான் எல்லாம் கெட்டது. (நம் சபையிலும் விளக்கம் சொல்கிறவர்களுக்குக் குறைவில்லை.)

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. குஷ்டரோகியை இயேசு வார்த்தையாலேயே சுகப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் எவரும் தொடக் கூடாதென்று ஒதுக்கப்பட்டிருந்தவனைக் கைநீட்டித் தொட்டார். நீ படிக்கும் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் பிற்பகுதியில் தொடங்கி, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியதும் அதே வழியில் செய்த ஊழியம்தான். இங்கே பாந்த்ராவில் 1986 முதல் இயங்கும் சாந்தி அவேத்னா சதனில், இனிக் குணமாகாது என்று ஆன புற்றுநோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, வலியைத் தணித்துப் பராமரிக்கிறார்கள். அதையும் சுகமளித்தல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆகையால், குருடனான பர்திமேயுவிடம் இயேசு கேட்டதைப்போல, என்ன செய்ய வேண்டும் என்று முதலில் அந்த அம்மாளிடமே கேள். இரவில் வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் உடனே சொல். வலிக்கு மார்ஃபின் மருந்து எடுத்துக்கொள்வது அவிசுவாசமாகிவிடுமோ என்று பயந்தால், அப்படியில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல். ஜெபிக்கக் கேட்டால் சுருக்கமாக ஜெபி. அவர் சம்மதித்தால் மட்டும் பெயரை எனக்கு எழுதி அனுப்பு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நினைத்துக்கொள்கிறோம், நோயின் விவரம் எங்களுக்கு வேண்டாம்.

அன்புடன்,
அம்மா