'மம்மியின் சாபம்' காணொளி எடுப்பவர்களுக்கு

வணக்கம்.

பழைய எகிப்தின் இளம் அரசன் துட்டன்காமனைப் பற்றி நீங்கள் போடுகிற காணொளிகளில் முக்கால்வாசியைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே முகப்புப் படம்: தங்க முகமூடி, கண்ணில் சிவப்பு ஒளி, பக்கத்தில் "தொட்டவன் எல்லாம் செத்தான்!" போன வாரம் என் அக்கா மகள் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சாபத்தை முதலில் முடித்துவிடுவோம். கல்லறை கிடைத்தது 1922 நவம்பரில். அதைத் தோண்டப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தார். கொசு கடித்த இடத்தில் சவரக்கத்தி பட்டுச் சீழ் வைத்தது. அதுவரை சரி. ஆனால் தோண்டிய ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார். மம்மியையே அறுத்துப் பார்த்த மருத்துவர் டக்ளஸ் டெரி போனது 1961இல், எண்பதைத் தாண்டி. முதலில் உள்ளே நுழைந்தவர்களில் ஒருவரான கார்னார்வனின் மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். அவ்வளவு மெதுவான சாபம்.

அந்தக் கல்லறையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. நீங்கள் காட்டுவது பத்து, பதினைந்து. காட்டாமல் விடுவதில்தான் அந்தக் குடும்பமே இருக்கிறது.

கருவூல அறையில் அலங்காரம் இல்லாத ஒரு மரப்பெட்டி. அதற்குள் இரண்டு குட்டிச் சவப்பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொன்று. உள்ளே துணி சுற்றிய இரண்டு சிசுக்கள், இரண்டும் பெண். துட்டன்காமனின் பிள்ளைகள் என்றே கருதுகிறார்கள். ஒன்று ஐந்தாறு மாதத்தில் கலைந்தது. மற்றது பிரசவம் நெருங்கிய வளர்ச்சி. சின்னதற்குத் தங்க முலாம் பூசிய முகமூடி போட்டிருந்தார்கள். பெரியதற்கு இல்லை. 1907இலேயே பக்கத்துக் குழி ஒன்றில் ஒரு குட்டி முகமூடி கிடைத்திருந்தது. இவளுக்காகச் செய்து, அளவு பற்றாமல் ஒதுக்கியது அது என்று கருதுகிறார்கள். பெட்டிகளின் மேல் பெயர் எதுவும் இல்லை. இறந்தவர் யாராக இருந்தாலும் எழுதுகிற 'ஒசிரிஸ்' என்ற சொல் மட்டும், அது இறந்தோரின் தெய்வத்தின் பெயர். இவ்வளவு தங்கத்துக்கு நடுவில் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது இந்தப் பெட்டிதான்.

இன்னொரு பொருள், ஒரு கொத்துத் தலைமுடி. பெட்டிக்குள் பெட்டியாக வைத்த சின்னஞ்சிறு சவப்பெட்டிகளில் கடைசியில், அரசி தீயியின் பெயரோடு. தீயி யார்? 2010இல் வந்த மரபணு ஆய்வின்படி துட்டன்காமனின் அப்பாவும் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். அரசன் மூன்றாம் அமென்கோதேப்புக்கும் அவன் மனைவி தீயிக்கும் பிறந்தவர்கள். அப்பத்தாவும் அம்மாச்சியும் ஒரே கிழவி! பேரனோடு அந்த முடியையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அக்காவையே கட்டிய அரசன்" என்று தலைப்பு வைக்கிறீர்களே, அதில் ஓரளவு உண்மை உண்டு. மனைவி அங்கேசெனமுன், அரசன் அக்கெனதெனுக்கும் அரசி நெஃபர்டீட்டிக்கும் பிறந்த மூன்றாவது பெண். துட்டன்காமனின் அப்பா அக்கெனதென்தான் என்றே பலரும் கொள்வதால், இவள் மாற்றாந்தாய் மகள் ஆகிறாள். மாமன் மகளைக் கட்டுவது முறை, உடன்பிறந்தாளைக் கட்டுவது பாவம் என்று வளர்ந்த நமக்கு இது முகம் சுளிக்க வைக்கும், ஒப்புக்கொள்கிறேன். சுளித்துவிட்டு, கல்லறையில் கிடைத்த தங்க நாற்காலியின் சாய்மானத்தில் உள்ள படத்தையும் பாருங்கள். அவன் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான். அவள் குனிந்து அவன் தோளில் வாசனைத் தைலம் தடவுகிறாள்.

எட்டு, ஒன்பது வயதில் அரியணை ஏறியவன், பத்தொன்பதை ஒட்டிப் போய்விட்டான். கல்லறையில் கைத்தடிகள் மட்டும் சுமார் 130. பல தடிகளில் தேய்மானம் இருக்கிறது. இடது பாதத்தில் கோளாறு, உடம்பில் மலேரியா என்று அதே 2010 ஆய்வு சொன்னது. கொலையா விபத்தா என்று அரை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், இந்தத் தடிகளுக்கு அரை நிமிடம் கூடவா இல்லை?

அப்புறம், இன்றைய துருக்கிப் பக்கம் ஆண்ட ஹிட்டைட் மன்னன் சுப்பிலுலியுமாவுக்கு ஓர் எகிப்திய அரசி அனுப்பிய செய்தி. கணவர் இறந்துவிட்டார், எனக்கு மகன் இல்லை, உங்கள் மகன்களில் ஒருவனை அனுப்புங்கள், என் வேலைக்காரனைக் கணவனாக ஏற்க மாட்டேன் என்கிறாள். எழுதியது அங்கேசெனமுன் என்று பலரும், வேறு அரசி என்று சிலரும் சொல்கிறார்கள். அவன் நம்பாமல் ஆள் அனுப்பி விசாரித்தான், பிறகே மகனை அனுப்பினான். அந்தப் பிள்ளை இறந்ததுதான் மிச்சம். எகிப்தில் அரியணை ஏறியவர் வயதான அரசவை அதிகாரி ஆய். இதை ஏன் யாரும் படமாக்குவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. சாபத்தைவிடப் பரபரப்பாக ஓடும்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த காணொளியைக் கருவூல அறையிலிருந்து, அந்த மரப்பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணில் சிவப்பு ஒளி வேண்டாம். அக்கா மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தப் பாப்பாங்களுக்குப் பேரே வைக்கலையா மாமா?" என்றாள். அன்றைக்கு விளக்கை அவளே அணைத்தாள்.