கோரிக்கை மனு: ரயில் நிலைய வாசல் முதல் பெரிய வாய்க்கால் முனை வரையிலான நடைபாதை

அனுப்புநர்:
சுப்பையா சாலை, வம்பாகீரப்பாளையம் பகுதிகளில் வசிக்கும் பாதசாரிகள்,
புதுச்சேரி.
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: சுப்பையா சாலை – ரயில் நிலைய வாசல் முதல் பெரிய வாய்க்கால் முனை வரை – திறந்து கிடக்கும் வடிகாலுக்கு மூடி அமைத்து நடைபாதையைச் சீர்செய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நேரிலும் தபாலிலும் இணையவழியிலும் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விடுமுறை நாட்களில் ஏதாவது ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே ஊர் சுற்றிப் பார்ப்பது எங்கள் பழக்கம். எங்களுக்குச் சங்கமோ பதிவெண்ணோ கிடையாது. தையல்காரர், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், பேரப்பிள்ளைகளோடு வரும் பாட்டி என்று அக்கம்பக்கத்தார்தான். வெளியூரிலிருந்து உறவினர் வந்தாலும் இதே வழக்கம்தான். வண்டி பிடிக்காமல் நிலைய வாசலில் எதிர்கொண்டு, நடத்தியே ஊரைக் காட்டுவோம். அந்த முறையில் எங்களுக்கு நேர்ந்துவரும் ஒரு துன்பத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. இது தாங்கள் அறியாத இடமல்ல. 1879-இல் விழுப்புரத்திலிருந்து வந்த தண்டவாளம் முடிந்து நிற்கும் இடம். வாசலைத் தாண்டினால் சுப்பையா சாலை. தூய இருதய ஆண்டவர் பேராலயம் கூப்பிடு தூரம். கிழக்கே நடந்தால் கடல். காந்தி சிலை, மணக்குள விநாயகர் கோயில், 1836-இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இன்னும் சற்று நடக்கத் தெம்பிருந்தால் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, அதையும் தாண்டினால் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. இப்படிக் காலாலேயே பார்த்து முடிக்கக்கூடிய ஊர் இந்தியாவில் எத்தனை இருக்கும் ஐயா?

2. சென்னைக்குப் போனாலும் நாங்கள் இப்படித்தான். எழும்பூரில் இறங்கினால் பாந்தியன் சாலை அருங்காட்சியகம், பிறகு பெரியமேடு வழியாக ரிப்பன் மாளிகை, சென்ட்ரல். கடற்கரை நிலையத்தில் இறங்கினால் அரண்மனைக்காரன் தெரு. 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயமும் கச்சாலீசுவரர் கோயிலும் ஒரே தெருவில் இருக்கின்றன. பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் கபாலீசுவரர் கோயில். சென்னையின் நடைபாதைகளைப் புகழ வரவில்லை. அரண்மனைக்காரன் தெருவில் மூட்டை தூக்குபவர்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் மாம்பலத்தில் இறங்குபவன் சாலையைத் தொடாமலே தியாகராய நகர் பஸ் நிலையம் வரை நடந்து போக 2023-இல் ஆகாய நடைபாதை போட்டிருக்கிறார்கள். ரயிலில் வருபவனுக்கும் கால் உண்டு என்று அங்கே யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நாங்கள் ஆகாயத்தில் பாதை கேட்கவில்லை. தரையில் கேட்கிறோம்.

3. இப்போது பள்ளத்தைப் பற்றி. நிலைய வாசலிலிருந்து பெரிய வாய்க்கால் முனைக்கு அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த நடைபாதைக்கு அடியில்தான் வடிகால் ஓடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது தங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு அடைப்பு எடுக்க ஆட்கள் வந்தார்கள். காங்கிரீட் மூடியைக் கடப்பாரையால் நெம்பினார்கள்; அது இரண்டாக உடைந்தது. கசடை அள்ளி நடைபாதையிலேயே குவித்தார்கள். கசடு காய்ந்து காற்றில் போய்விட்டது. உடைந்த மூடியில் ஒரு பாதி மதில்மேல் சாய்ந்து நிற்கிறது. மற்றொரு பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எவ்வளவு பெரிய பள்ளம் என்று கேட்டால், ஒரு ஆள் இடுப்பு வரை இறங்கலாம். விளிம்பில் துருப்பிடித்த கம்பிகள் நான்கு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடியில் கறுப்புத் தண்ணீர், தேநீர்க் குவளைகள், யாரோ ஒருவருடைய ஒற்றைச் செருப்பு. மழை பெய்தால் பாதையும் பள்ளமும் ஒரே மட்டமாகத் தண்ணீரில் மறைந்துவிடும். பழகியவர்கள் மதிலை வைத்துக் கணக்குப் போட்டுத் தாண்டுவோம், புதிதாக வந்தவன் என்ன செய்வான்?

பக்கத்து டீக்கடைக்காரர் எச்சரிக்கைக்காகப் பூவரசங் கிளை ஒன்றை ஒடித்து அந்தப் பள்ளத்தில் செருகி, நுனியில் சிவப்புத் துணி கட்டினார். துணி வெளுத்துவிட்டது. கிளை துளிர்த்துவிட்டது ஐயா. இலை விட்டு, இப்போது முழ நீளத்துக்குப் பக்கக் கிளைகள் வந்திருக்கின்றன. இன்னும் சில மாதம் பொறுத்தால் நிழலில் உட்காரலாம். எத்தனை காலமாக அது திறந்து கிடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

4. எங்களோடு நடக்கும் பெரியவர் ஒருவர். பழைய மில் தொழிலாளி, எழுபதைக் கடந்தவர். எங்களில் யாருக்கும் அவர் அளவுக்கு ஊர் தெரியாது. எந்த வீட்டு வாசலில் பழைய நீலப் பலகை இருக்கிறது, எந்த வீதிக்கு முன்பு என்ன பெயர் என்று விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வருவார். அன்று எழும்பூரிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து பாரிமுனை, பிறகு கடற்கரை நிலையம் என்று பகல் முழுவதும் வெயிலில் நடந்தார். பாரிமுனையில் சாலையைக் கடந்தார். பஸ், லாரி, ஆட்டோ எதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. மாலையில் மின்சார ரயிலில் எழும்பூர் திரும்பி, புதுச்சேரி வண்டி ஏறினோம். இரவு நம் ஊரில் இறங்கி, நம் சாலையில், வீட்டுக்குப் போகும் வழியில், இந்தப் பள்ளத்தில் விழுந்தார்.

எதிரே வந்த ஸ்கூட்டரின் விளக்கு கண்ணைக் கூசியது; பக்கவாட்டில் ஒதுங்கினார்; அவ்வளவுதான். கணுக்கால் எலும்பு முறிந்தது. முழங்காலுக்குக் கீழே கம்பி கிழித்திருந்தது. கையில் பேத்திக்காக வாங்கிய மூர் மார்க்கெட் புத்தகங்கள் இருந்தன; அவை மேலேயே விழுந்ததால் நனையவில்லை என்று ஆட்டோவில் போகும்போது அவரே சொல்லிக்கொண்டார். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார், வீட்டிலிருந்து தெருமுனை வரை. எங்களோடு வருவதில்லை. கூப்பிட்டால், "நீங்கள் போய் வாருங்கள், நான் பள்ளம் பார்த்துவிட்டேன்" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் உள்ளூர்க்காரர். பள்ளம் அங்கே இருப்பது தெரிந்தவர். தெரிந்தவருக்கே இந்தக் கதி.

5. இதன் பிறகு நாங்கள் அளித்த மனுக்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். நேரில் போனால், சாலை ஒரு பிரிவு, நடைபாதை ஒரு பிரிவு, வடிகால் ஒரு பிரிவு, நிலைய வளாகம் வேறொருவர் பொறுப்பு என்று விளக்கினார்கள். பொறுமையாகவே விளக்கினார்கள், உட்கார நாற்காலியும் கொடுத்தார்கள். அந்த மூடி யாருடையது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தபாலில் அனுப்பியதற்கு ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. இணையவழியில் கொடுத்த புகாருக்கு "நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. கூடவே ஒரு படம். அழகான புது மூடி. ஆனால் படத்தில் தெரியும் இடம் எங்கள் சாலையே அல்ல ஐயா. பின்னால் தெரியும் நீல நிறக் கதவு சுப்பையா சாலையில் எந்த வீட்டிலும் இல்லை. ஒவ்வொரு வாசலாக நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம். நடப்பதுதானே எங்கள் வேலை.

6. மூடி போடுங்கள் ஐயா.

7. பள்ளம் ஒன்றுதான் குறையா என்றால் இல்லை. சாலை விளக்குகள் மரக்கிளைகளுக்கு மேலே எரிகின்றன. வெளிச்சம் இலைகளின் மேல் விழுகிறது, நடைபாதை இருட்டாகவே இருக்கிறது. மிச்சமுள்ள பாதையில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சரிவு கட்டியிருப்பதால் பாதை ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது. ஓரிடத்தில் விளிம்புக்கல் முழங்கால் உயரம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் நெறிமுறைப்படி நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும், விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. சட்டம் பேச வரவில்லை. ஆனால் பணிவாகப் பேசிப் பார்த்தாயிற்று.

டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை ஆறே ஆண்டுதான் இங்கே இருந்தார்கள். அதற்குள் நேர்நேரான வீதிகளுக்கு வரைபடம் போட்டுவிட்டுப் போனார்கள். இன்றும் வெளிநாட்டிலிருந்து வந்து அந்த வீதிகளைப் படமெடுக்கிறார்கள். அவர்களை அந்த வீதிகளுக்குக் கொண்டு சேர்க்கிற அரை கிலோமீட்டரில் ஒரு மூடி போட நமக்கு எத்தனை ஆண்டு வேண்டும்?

ரயிலை விட்டு இறங்குபவர்களை அங்கே நின்று பாருங்கள். பையோடு, இடுப்பில் குழந்தையோடு விழுப்புரத்திலிருந்து வரும் பெண்கள் அந்தக் கிளையைப் பார்த்ததும் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குகிறார்கள். பின்னால் வரும் டெம்போ ஒலிப்பானை அழுத்துகிறது. ஓட்டுநர் திட்டுகிறார். திட்டு வாங்குவது யார்? நடந்த குற்றத்துக்காக நடப்பவர்கள்.

8. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ) மேற்கண்ட பள்ளத்துக்கு உடனடியாகக் கம்பி வைத்த உறுதியான காங்கிரீட் மூடி போட உத்தரவிட வேண்டும்.

ஆ) மூடி வரும்வரை இரவிலும் தெரியும்படி இரும்புத் தடுப்பு வைக்க வேண்டும். பூவரசு போதாது.

இ) மரங்களுக்குக் கீழே தாழ்வாக விளக்கு, நிலைய வாசலுக்கு நேரே சாலையைக் கடக்க வெள்ளைக்கோடு, நடைபாதையில் வண்டி நிறுத்தத் தடை. இவை பிறகு நடந்தாலும் பொறுத்துக்கொள்வோம். (அ) பொறுக்காது. வடகிழக்குப் பருவமழை யாருக்காகவும் காத்திருக்காது.

ஈ) பணி முடிந்தது என்று எழுதுவதற்கு முன், எழுதுகிறவர் யாராக இருந்தாலும் ஒருமுறை அந்த வழியாக நடந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

தாங்களோ தங்கள் அலுவலர்களோ ஆய்வுக்கு வருவதானால், சென்னை வண்டி வந்து சேரும் இரவு நேரத்தில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பகலில் வந்தால் பள்ளம் நன்றாகத் தெரியும். எங்கள் கஷ்டம் தெரியாது. நிலைய வாசலில் காத்திருந்து அழைத்துச் செல்கிறோம். கைவிளக்கு நாங்களே கொண்டுவருகிறோம்.

இம்மனுவின் மீதாவது நடவடிக்கை எடுத்து, அந்த ஒரு மூடியைப் போட்டுத் தருமாறு மீண்டும் மீண்டும் பணிந்து வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுப்பையா சாலை, வம்பாகீரப்பாளையம் பாதசாரிகள்

பின்குறிப்பு: பள்ளத்தின் படங்களையும் ஒப்புகைச் சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறோம். பூவரசங் கிளையை மட்டும் வெட்டி அகற்றிவிட்டு, குறை தீர்க்கப்பட்டதாக எழுதிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.