கணினி பாகங்களின் விலைத்தாளில் மாடல் எண்ணும் உத்தரவாதமும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வேலை அனுமதியிலும் மாணவர் அனுமதியிலும் தங்கியிருக்கும் நம்மவர்களில் பலர், ஆயத்தமாகக் கிடைக்கும் கணினியை வாங்காமல், பாகங்களைத் தாமே தேர்ந்தெடுத்துக் கடையில் பூட்டச் சொல்லி வாங்குகிறார்கள். காணொளித் தொகுப்பு, கட்டட வரைபடம், நிரலாக்கம், விளையாட்டு என்று அவரவர் தேவைக்கேற்ப எந்தப் பாகத்துக்குக் கூடுதலாகச் செலவிடலாம், எதில் குறைக்கலாம் என்று தாமே முடிவு செய்ய முடிவதால் இது நல்ல வழி என்பதே என் கருத்து. ஆனால் பாகங்களைத் தேர்வது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, வாங்குபவர் அதே ஊரில், அதே வீட்டில் தொடர்ந்து இருப்பார் என்ற எண்ணத்தில் சொல்லப்படுபவை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அனுமதியை நம்பி வாழ்பவருக்கு அது பொருந்தாது. மூன்றாம் ஆண்டில் ஒரு பாகம் பழுதானால் நான் எந்த நாட்டில் இருப்பேன், அதை யார் மாற்றித் தருவார் என்பதுதான் அவர் ஒவ்வொரு பாகத்தையும் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்கான விடை கடைகள் கொடுக்கும் விலைத்தாளில் இல்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ரோச்சோர் பகுதியில் உள்ள சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் பாகங்களின் விலையை அச்சிட்ட தாள்களை வாங்கிச் சென்று வீட்டில் அமர்ந்து ஒப்பிடுவது நெடுநாளைய வழக்கம். தனித்தனிப் பாகங்களின் பட்டியலில் குறையொன்றும் இல்லை. தொகுப்பாக விற்கப்படும் கணினிகளின் தாளில்தான் சிக்கல். கணக்கீடுகளைச் செய்யும் பிராசசரின் பெயரும், திரைக்கான படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். மற்றவை ‘650 வாட் பவர் சப்ளை’, ‘1 டிபி எஸ்எஸ்டி’, ‘பி650 மதர்போர்டு’ என்று பொதுப்பெயரால் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். (பவர் சப்ளை மற்றப் பாகங்களுக்கு மின்சாரம் தருவது; எஸ்எஸ்டி கோப்புகளைச் சேமிப்பது; மதர்போர்டு எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை.) இரண்டு கடைத் தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒன்று எண்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மலிவு என்று மகிழ்ந்து பணம் கட்டுகிறார். அந்த எண்பது வெள்ளி எந்தப் பாகத்தில் குறைக்கப்பட்டது என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலும் அது பவர் சப்ளையில்தான் குறைக்கப்படுகிறது. கணினியின் வேகத்தை அது கூட்டுவதில்லை, கேபினட் எனப்படும் வெளிக்கூட்டின் கண்ணாடிப் பக்கத்தின் வழியே தெரிவதும் இல்லை; ஆகவே அதைக் கேட்டு வாங்குவோர் குறைவு. ‘80 பிளஸ்’ என்ற முத்திரையைக் காட்டி, தரமானது என்று உறுதி சொல்வார்கள். அந்த முத்திரை 20, 50, 100 சதவீதச் சுமைகளில் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. மின்னழுத்தம் திடீரென ஏறினால் பாதுகாக்குமா, உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் எத்தகையவை, மின்சாரம் ஒரு கணம் நின்றால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பவற்றை அது சொல்வதில்லை. சிங்கப்பூரில் மின்சாரம் சீராக வருவதால் தரம் குறைந்த பவர் சப்ளையும் இங்கே ஆண்டுக்கணக்கில் ஓடிவிடும். அதே கணினியைத் தஞ்சாவூருக்கோ தேனிக்கோ கொண்டுபோய், மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருவில், இன்வெர்ட்டருடன் இணைத்து ஓட்டும்போதுதான் அதன் உண்மையான தரம் தெரியவரும். மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் அந்த மில்லி விநாடிகளைப் பவர் சப்ளைதான் தன்னிடம் தேங்கியுள்ள ஆற்றலால் கடக்க வேண்டும். கடக்க முடியாதபோது கணினி அணைந்து மீண்டும் எழும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு போகும். சில சமயம் எஸ்எஸ்டியில் உள்ள தரவும் கெடும். வீட்டு இன்வெர்ட்டரை, விரைவாக மின்கலத்துக்கு மாறும் யுபிஎஸ் நிலையில் வைப்பது உதவும் என்றாலும், அடிப்படை வலு பவர் சப்ளையில் இருக்க வேண்டும்.

எனவே ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டிய பாகம் இதுவே என்று உறுதியாகச் சொல்வேன். 65 வாட் வகையைச் சேர்ந்த ஒரு பிராசசரும் 180 வாட் கிராபிக்ஸ் கார்டும் கொண்ட கணினிக்கு 550 முதல் 650 வாட் வரை தாராளமாகப் போதும்; 850 வாட் என்ற எண்ணுக்குக் கொடுக்கும் பணத்தை, 7 அல்லது 10 ஆண்டு உத்தரவாதம் உள்ள 650 வாட் பவர் சப்ளைக்குக் கொடுப்பதே அறிவுடைமை. இங்கும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே இருப்பதால் மின்னழுத்த மாற்றி தேவையில்லை. இங்குள்ள சதுர முனைச் செருகியோடு கூடிய கம்பியை மட்டும் ஊரில் மாற்றிக்கொண்டால் போதும். பிற்காலத்தில் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போகக்கூடியவர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அதன் பக்கவாட்டு ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; 200 வோல்ட்டுக்கு மேல் மட்டுமே இயங்கும் மலிவு வகைகளும் விற்பனையில் உள்ளன.

அடுத்தது பிராசசர். ஒரே பிராசசர் அச்சிட்ட பெட்டியிலும் வருகிறது, கணினி தயாரிப்பாளர்களுக்கென்று தட்டில் அடுக்கி அனுப்பப்படும் ‘டிரே’ வடிவிலும் வருகிறது. டிரே வகை சில வெள்ளி குறைவு. வேகத்தில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் பெட்டியில் வருவதற்கு உற்பத்தி நிறுவனமே மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகிறது. டிரே வகைக்கு விற்றவரே பொறுப்பு. இதன் விளைவு 2024ஆம் ஆண்டில் தெளிவாகத் தெரிந்தது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்களில் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தபோது, அந்நிறுவனம் ஆகஸ்ட் மாதத்தில் உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்தது. பெட்டியில் வாங்கியவர்கள் அந்நிறுவனத்தையே நேரடியாக அணுக முடிந்தது. டிரே வகை வாங்கியவர்கள் தாம் வாங்கிய இடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஊர் மாறியவருக்கு அந்த இடம் எட்டாத தொலைவில் இருக்கும்.

பிராசசரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்டெல் 12400எஃப், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7500எஃப் என எஃப் எழுத்தில் முடியும் வகைகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு பழுதாகி உத்தரவாதத்துக்குப் போய்விட்டால், அது திரும்பும் வரை அந்தக் கணினியின் திரையில் எதுவும் தெரியாது. வேறு கணினி வைத்திருக்க இடமில்லாத வாடகை அறையில் வாழ்பவருக்கு இது சிறிய இடைஞ்சல் அன்று. எஃப் இல்லாத 12400, அல்லது ரைசன் 7600 போன்றவற்றில் எளிய கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் படிப்பும் அலுவல் வேலையும் தடைபடாமல் நடக்கும். சிறிது கூடுதலாகக் கொடுத்து அதை வாங்குவதே நல்லது. விளையாட்டில் நாட்டமில்லாதவர்கள் ரைசன் 8600ஜி போன்ற ஒன்றை வாங்கித் தனிக் கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் காலம் தள்ளலாம். கணினியின் எடை குறையும், அறையின் வெப்பமும் குறையும்.

கிராபிக்ஸ் கார்டு வாங்குவோரும் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 8 ஜிபி நினைவகத்துடனும் 16 ஜிபி நினைவகத்துடனும் ஒரே பெயரில் விற்கப்படுகிறது. விலைத்தாளில் அந்த எண்ணை எழுதாமல் விட்டால், எழுதாதவர் எதைத் தருவார் என்று ஊகிப்பது கடினமன்று. ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவருக்கு நினைவகத்தின் அளவு மிகவும் முக்கியம்.

கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன ரைசன் பிராசசர்கள் பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே பொருந்தும். ஒற்றைப் பட்டையைவிட ஒரே இணையாக விற்கப்படும் இரண்டு பட்டைகள் மேல். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான தேவையால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் என்ற நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்ததும் அதையொட்டியே. இந்நிலையில் தொகுப்புக் கணினியில் எந்த நிறுவனத்தின் ரேம், என்ன வேகம் என்று எழுதி வாங்குவது முன்னைவிட அவசியம். கேபினட்டைப் பொறுத்தவரை, கண்ணாடிப் பக்கம் வேண்டாம், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவுக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம். அறை மாறும்போதும் நாடு மாறும்போதும் அதைத் தூக்கப் போவது நாம்தான்.

வெளிநாட்டு இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். கணினி பாகங்களுக்குச் சிங்கப்பூரில் இறக்குமதித் தீர்வை இல்லை. ஆனால் பொருள் சேவை வரி உண்டு, 2024 ஜனவரி முதல் அது 9 சதவீதம். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 ஜனவரி முதல் பெரிய வெளிநாட்டு இணையக் கடைகள் அந்த வரியை வசூலிக்கின்றன. அஞ்சல் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் சொற்பமே. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்கான உத்தரவாதம் பெரும்பாலும் விற்கப்பட்ட நாட்டின் விநியோகிப்பாளர் வழியாகவே செல்லும் என்பதால், பழுதானால் அதே பொருளைத் திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில் விழும். ரேமும் எஸ்எஸ்டியும் சிறியவை, எளிதில் அனுப்பக்கூடியவை. அவற்றை மட்டும் வெளியே வாங்கலாம்.

இங்கேயே வாங்குபவருக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. பழுது பார்த்தல், மாற்றித் தருதல், விலை குறைப்பு, பணம் திருப்பித் தருதல் ஆகியவற்றை அச்சட்டத்தின் கீழ் கோரலாம். கடைகளில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தனியாள் ஒருவரிடமிருந்து வாங்கியதற்குப் பொருந்தாது. பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை, வாங்கிய பொருள் எது என்று காட்டும் ரசீது. ‘650 வாட் பவர் சப்ளை, 1’ என்று மட்டும் எழுதிய ரசீதைக் கொண்டு, சொன்னது ஒன்று தந்தது ஒன்று என்று எப்படி நிறுவுவது?

ஊர் திரும்பும்போதும் அந்த ரசீதுக்கு வேலை இருக்கிறது. இந்தியச் சுங்க விதிப்படி, 18 வயது நிறைந்த பயணி ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டுசெல்லலாம். மேசைக் கணினிக்கு அந்தச் சலுகை இல்லை. நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புவோருக்குத் தனி விதிகள் உள்ளன. அவை அவ்வப்போது மாற்றப்படுவதால் புறப்படுமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தச் சலுகையில் போனாலும் பொருளின் வயதையும் விலையையும் காட்ட மாடல் எண்ணும் தேதியும் கொண்ட ரசீது கையில் இருப்பது நல்லது. கனமான கிராபிக்ஸ் கார்டையும் கோபுர வடிவக் குளிர்விப்பானையும் கழற்றித் தனியே பொதிந்து எடுத்துச் செல்ல வேண்டும். பூட்டியபடியே அனுப்பினால் மதர்போர்டு விரிசல் விடக்கூடும்.

ஆகவே கணினி விற்பனையாளர்களிடம் என் வேண்டுகோள் இது: தொகுப்பு விலைத்தாளிலும் ரசீதிலும் எல்லாப் பாகங்களுக்கும் நிறுவனத்தின் பெயர், முழு மாடல் எண், பெட்டியில் வந்ததா டிரே வகையா என்ற விவரம், உத்தரவாத ஆண்டுகள், அந்த உத்தரவாதத்தை நிறைவேற்றுபவர் யார், எந்த நாட்டில் என்ற குறிப்பு ஆகியவற்றை அச்சிடுங்கள். ஒரு தாளில் நான்கைந்து வரிகள் கூடும், அவ்வளவே. இதை நேர்மையாகச் செய்துவரும் கடைகளும் உள்ளன; விலையை மட்டும் ஒப்பிடும் வழக்கத்தால் அவர்களே வாடிக்கையாளரை இழக்கிறார்கள். பயனீட்டாளர் சங்கம் இதற்கென ஒரு மாதிரிப் படிவத்தை வெளியிட்டால் மற்றவர்களும் பின்பற்றத் தொடங்குவார்கள். அப்படிவம் வரும்வரை, இவ்விவரங்களை எழுதித் தர மறுக்கும் கடையில் முன்பணம் கட்ட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்