அரையாண்டு லீவை லீவாகவே விடுங்கள்

தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் தையல்கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைக்கிறேன். வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் கோயம்புத்தூரில் கல்லூரியில் முதல் வருசம் படிக்கிறாள். இளையவள் ஆறாம் வகுப்பு. இரண்டு பேரையும் தனியார் பள்ளியில்தான் சேர்த்தோம். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். நான் எழுதப்போவது ஒரு பள்ளியைப் பற்றி மட்டும் இல்லை.

அரையாண்டுப் பரீட்சை முடியப் போகிறது. கடைசிப் பரீட்சை அன்றைக்குச் சாயங்காலம், லீவுக்கு ப்ராஜெக்ட், ஸ்பெஷல் கிளாஸ் என்று வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் சுற்றறிக்கை வந்துவிடும். அது வருவதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

எனக்கு டிசம்பரில் லீவு கிடையாது. தீபாவளித் துணி கொடுத்து மூச்சு விடுவதற்குள் கிறிஸ்துமஸ் துணி வந்துவிடும். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் பெரிய பண்டிகை. அது முடிந்தால் பொங்கல், கூடவே தை மாசக் கல்யாணப் பிளவுஸ். சாதாரண நாளில் காலை ஏழே முக்காலுக்கு வேனில் ஏறுகிற பிள்ளை திரும்பி வர ஐந்தே கால் ஆகிறது. அப்புறம் டியூஷன். நான் கடையைப் பூட்டி வீட்டுக்கு வர ஒன்பது, சீசனில் பதினொன்று. அவளுக்கு லீவு விட்டால்தான் என் பிள்ளையை நான் பகலில் பார்க்கிறேன். உங்களிடம் நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

போன வருசம் அவள் ஐந்தாம் வகுப்பு. லீவுக்கு ஐந்து பாடத்துக்கு ஐந்து ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். அறிவியலுக்குத் தெர்மாகோலில் சூரியக் குடும்பம், சமூக அறிவியலுக்கு ஐவகை நிலம் சார்ட், கணக்குக்கு வடிவங்களின் மாடல், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆளுக்கொரு ஆல்பம். ஸ்டேஷனரி கடையில் நின்ற கூட்டத்தில் பிள்ளைகளையே காணோம், எல்லாரும் அம்மாமார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, செய்து கொடுக்கவே ஆள் இருக்கிறது, காசு கொடுத்தால் போதும் என்றார். அது எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே செய்தேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

டிசம்பர் 30 ராத்திரி பதினொரு மணி இருக்கும். கடையில் கட்டிங் டேபிளில் ஒரு பக்கம் தை மாசக் கல்யாணப் பெண்ணின் சந்தனக் கலர் பட்டுப் பிளவுஸ் வெட்டி வைத்திருக்கிறது. மறு பக்கம் சனி கிரகத்துக்கு வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை டேபிளுக்குக் கீழே துணி மூட்டையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். ஃபெவிக்கால் டப்பா கை தட்டிச் சாய்ந்து, பட்டுக் கை பீஸில் ஒரு சொட்டு விழுந்தது. பட்டில் பசை காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், ஈரத் துணியால் துடைத்தால் வட்டமாகக் கறை நிற்கும். துடைத்தேன், வட்டமாக நின்றது. மறுநாள் அந்தச் சேலைக் கலருக்குத் துணி தேடி நாலு கடை ஏறி இறங்கி, என் கைக்காசில் வாங்கி இரண்டு கையையும் புதிதாக வெட்டினேன். அந்த ஒரு பகல் முழுக்க அவள் பக்கத்து வீட்டில் இருந்தாள்.

பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து சார்ட் திரும்பி வந்தது. மேலே ‘வெரி குட்’ முத்திரை. கீழே இருந்த எழுத்து என்னுடையது. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பொய்க்குப் பாராட்டுக் கிடைக்கும் என்பதை என் பிள்ளை முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அதைக் கற்றுக்கொடுத்தவள் நான், கொடுக்க வைத்தவர்கள் நீங்கள்.

எங்கள் வளவில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார்கள். அவர்கள்தான் சொன்னார்கள்: 2020-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையில் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்றும், மூன்றிலிருந்து ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கிறது. அந்தச் சூரியக் குடும்பம் ஒன்றுக்கே எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. இன்னொன்றும் சொன்னார்கள். சின்ன வகுப்புகளுக்கு முப்பருவ முறை 2012-ல் வந்ததே பிள்ளைகளின் சுமையைக் குறைக்கத்தான். டிசம்பரோடு இரண்டாம் பருவப் புத்தகம் முடிந்துவிடும். மூன்றாம் பருவப் புத்தகம் லீவு முடிந்து போனால்தான் கையில் கிடைக்கும். முடித்த பாடத்துக்குப் பரீட்சையும் எழுதியாயிற்று, அடுத்த பாடம் இன்னும் கைக்கே வரவில்லை. நடுவில் எதற்கு ப்ராஜெக்ட்? வெறும் கையோடு அனுப்பினால் பெற்றோர் குறை சொல்வார்கள் என்று நினைக்கிறீர்களோ என்னவோ.

அந்த டீச்சரம்மாவுக்கும் ஒன்று இருக்கிறது. அவர்கள் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கிறவர்கள். 24-ந் தேதி ராத்திரி கோயிலுக்குப் போய், 25 பண்டிகை முடிந்து, 26 காலையில் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்புவார்கள். வளவு முழுக்க முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்து தருகிறவர்களின் சொந்த மகன், “எங்கம்மா எப்ப வருவாங்க அத்தை?” என்று என் கடை வாசலில் வந்து நிற்பான். லீவு நாளில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது என்று கல்வித்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிள்ளையைச் சீருடை இல்லாமல் கலர் டிரெஸ்ஸில் அனுப்பச் சொல்லிப் பள்ளிகளும் அதைத் திரும்பத் திரும்பத் தாண்டிப் போகின்றன. லீவு என்பதால் வேனும் ஓடாது, நாங்களே கொண்டுவந்து விட வேண்டும்.

“நாங்களா வைக்கிறோம்? பெற்றோர்தான் கேட்கிறார்கள்” என்பீர்கள். உண்மை. 2022-ல் என் மூத்தவள் பத்தாம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்தில் லீவிலும் வகுப்பு வேண்டும் என்று கை தூக்கினவர்களில் நானும் ஒருத்தி. பயம்தான் காரணம். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், நானும் தூக்கினேன். 26-லிருந்து 31 வரைக்கும் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை வகுப்பு. எழுதின அரையாண்டு வினாத்தாளையே மறுபடி எழுத வைத்தார்கள். மார்க் நன்றாகத்தான் வந்தது. அந்த ஆறு நாளால் வந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அந்த ஆறு நாளில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து என் மாமியார், பிள்ளைகளின் ஆச்சி, வந்து தங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மார்கழியில் பெண்பிள்ளைகளுக்குச் சிறுவீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். வாசலில் களிமண்ணால் நாலு விரல் உயரத்துக்குச் சுவர் வைத்து, உள்ளே அடுப்பங்கரை, பூஜை அறை எல்லாம் பிரித்து, காவி பூசிக் கோலம் போட வேண்டும். மாசம் முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்து, அதைத் தட்டிக் காய வைத்துக்கொண்டே வர வேண்டும். பொங்கல் கழிந்ததும் அந்தச் சின்ன வீட்டு முன்னால் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். காய்ந்த பூவரட்டியை ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். இப்போது சிமெண்டுத் தரையாகிவிட்டதால் பல வீட்டில் கோலப்பொடியால் வீடு மாதிரி வரைந்து முடித்துவிடுகிறார்கள். ஆச்சி அதற்கு விடவில்லை. மண் குழைக்கவே ஒரு பகல் ஆனது. கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்தார்கள். சுவர் எழுப்பும்போது அதற்கென்று ஒரு பாட்டு, ஆச்சியின் அம்மா பாடினது. அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த இளையவள் கூடவே பாடிப் பாடி முழுதும் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் ஐந்து மணிக்கு வந்து பையை வைத்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

போன மாசம் கோயம்புத்தூரிலிருந்து பேசும்போது சொன்னாள்: “எம்மா, ஹாஸ்டல்ல ஒருத்தி அவங்க ஊர்ப் பாட்டு பாடுனா. எனக்குப் பாட ஒண்ணும் வரல. ஆச்சி பாட்டு இவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல.” அவள் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று சொல்ல வாய் கூசுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை உடைத்து வந்ததை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் வீடு வாசலை இழந்தார்கள், உயிரும் போனது. வண்ணாரப்பேட்டையிலிருந்து என் தங்கச்சி குடும்பம் நனைந்த துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு அறையில் ஒன்பது பேர். கரண்டு இல்லை, போன் இல்லை. அரையாண்டுப் பரீட்சையையே ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். பிள்ளைகள் நாலு பேரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெரியவர்களைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். அவர்கள் இன்றைக்கும் பேசுவது அந்த நாலைந்து நாளைப் பற்றித்தான். ஊரே அழுத நேரத்தைப் பிள்ளைகள் வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கஷ்டமாக இருக்கும். பிறகு தோன்றியது: வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தது, யாரும் எங்கேயும் போக வேண்டாதது, அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டில் விட்டால் போனைத்தான் பார்ப்பார்கள் என்றும் நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் பார்ப்பார்கள். மூன்றாவது நாள் சலித்துவிடும். போன வருசம் ப்ராஜெக்டுக்கு நடுவில் கிடைத்த ஒரே ஒரு சும்மா நாளில் என் இளையவள் கடைக்கு வந்து, கொக்கி வைக்கக் கற்றுக்கொடு என்றாள். முதல் பிளவுஸில் வைத்த ஐந்து கொக்கியில் மூன்று கோணல். பிரித்துவிட்டு மறுபடி வைத்தாள். நான் அளவு நோட்டைப் பார்த்து வெட்டும்போது, “36-ஐ எதுக்கும்மா நாலால வகுக்க?” என்று கேட்டாள். “துணி நாலா மடிச்சுக் கெடக்குல்லா” என்றேன். மடிப்பை விரித்துப் பார்த்தாள், திரும்ப மடித்தாள். ஒன்பது, அதோடு லூசுக்கும் தையலுக்கும் சேர்த்து இரண்டு என்று அவளே டேப்பைப் பிடித்து சாக்பீஸால் குறித்தாள். இதைக்கூடப் படிப்புக் கணக்கில் சேர்த்துக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் வாசல்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த நாள் அவளுடையது. அம்மா என்ன வேலை செய்கிறாள், எப்போது கோபப்படுகிறாள், எந்த நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் என்று ஒரு பிள்ளை பார்க்க வேண்டாமா?

கல்வி உரிமைச் சட்டப்படி ஆறிலிருந்து எட்டு வரை வருசத்துக்குக் குறைந்தது 220 வேலை நாள். அதில் ஒரு நாளைக்கூட நாங்கள் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொடங்கிப் புத்தாண்டு கழிந்து முடிகிற ஒன்பது நாளோ, பத்து நாளோ, சில வருசம் இரண்டு நாள் கூடவோ, அதைத்தான் கேட்கிறோம்.

அதனால் இந்த வருசச் சுற்றறிக்கையில் பள்ளி திறக்கிற தேதி மட்டும் இருக்கட்டும். ப்ராஜெக்ட் வேண்டாம், எழுதிக் கொண்டுவர நோட்டும் வேண்டாம். பத்தும் பன்னிரண்டும் படிக்கிற பிள்ளைகளுக்கு மார்ச்சில் பரீட்சை இருப்பது எங்களுக்கும் தெரியும். ஜனவரியில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட வைத்துச் சொல்லிக்கொடுங்கள், நாங்கள் வந்து காத்திருந்து கூட்டிப் போகிறோம். டீச்சர்மாரையும் அந்தப் பத்து நாள் கூப்பிடாதீர்கள். விடைத்தாள் கட்டையும் அவர்கள் தலையில் ஏற்றி அனுப்பாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் என்னைப் போல ஒருத்தி பயத்தில் கை தூக்கினால், முடியாது என்று சொல்லுங்கள். 2022-ல் எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்குக் கோபம் வந்திருக்கும், இன்றைக்கு நன்றியோடு நினைத்திருப்பேன்.

இந்த வருசம் சிறுவீட்டுக்கு மண் வாங்கி வைத்தாயிற்று. மூட்டை கடையின் பின்பக்கம் இருக்கிறது. ஆச்சிக்கு இப்போது பாட்டில் நடு நடுவே அடி மறந்துபோகிறது, இளையவள் எடுத்துக் கொடுக்கிறாள். மூத்தவள் 23-ந் தேதி ராத்திரி ரயில் ஏறுகிறாள். தங்கச்சிக்கு லீவில் பள்ளிக்கூட வேலை ஏதும் இருக்குமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
இரண்டு பெண்பிள்ளைகளின் தாய்,
பாளையங்கோட்டை.