சோலார் போட்டவங்களும் போடப்போறவங்களும் கொஞ்சம் படிங்க

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே,

கடைக்கு வாற எல்லாரும் முதல்ல கேக்குறது மானியம் எவ்வளவுன்னுதான். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தாற பி.எம். சூர்யகர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபா, 2-க்கு 60,000, 3-ம் அதுக்கு மேலயும்னா 78,000, அதோட சரி. நல்ல காசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அது ஒருதடவ வாறது. இருபது வருஷத்துக்கு மேல மாடியில இருக்கப்போற பேனலுக்கு ஒவ்வொரு பில்லுலயும் பலன் தாறது நெட் மீட்டரிங், அதாவது லைன்லருந்து நாம எடுத்த யூனிட்லருந்து நாம லைனுக்குக் கொடுத்த யூனிட்டக் கழிச்சு மிச்சத்துக்கு மட்டும் பில் போடுறது. அதப்பத்தி யாரும் கேக்கவே மாட்டேங்காங்க, அதான் இந்த லெட்டர்.

மண்டைக்காடு பக்கம் ஒரு டீச்சரக்கா வீட்டுல மத்தியானம் மீட்டர் பாத்துக்கிட்டு நின்னோம். வெயிலு சுள்ளுன்னு அடிக்கி, உள்ள ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடுது, மீட்டர்ல எக்ஸ்போர்ட் நம்பர், அதாவது லைனுக்குப் போற யூனிட், ஏறிக்கிட்டே இருக்கு. நான் ஸ்கூல்ல இருக்க நேரம் இந்த கரண்டெல்லாம் சும்மாத்தானே போகுதுன்னு அக்கா கேட்டாங்க. சும்மா போகல, பக்கத்து வீட்டு மிக்ஸிக்குப் போகுது, அதுக்கு உங்க கணக்குல வரவு விழுதுன்னு சொன்னோம்.

கணக்கப் பாருங்க. 1 கிலோவாட் சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும், அப்பம் 3 கிலோவாட்டுக்கு ரெண்டு மாசத்துல 720 யூனிட். அதுல பகல்ல நீங்க செலவழிச்சது 250, லைனுக்குப் போனது 470, ராத்திரி லைன்லருந்து எடுத்தது 520-ன்னு வச்சுக்கிட்டா பில்லுக்கு வாறது வெறும் 50 யூனிட். சோலார் இல்லன்னா அதே வீட்டுக்கு 770, 500-ஐத் தாண்டுன உடனே ஸ்லாப் எப்படி ஏறும்னு உங்களுக்கே தெரியும். கொடுத்தது கூடுதலா இருந்தா மிச்சம் அடுத்த பில்லுக்குப் போகும். ஆனி ஆடி சாரல், ஐப்பசி கார்த்திகை மழைன்னு ரெண்டையும் வாங்குற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆனா இந்த யூனிட்டுக்கு யூனிட் கணக்கு கல்லுல வெட்டுனது இல்ல. 2019-ல நம்ம மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இத எடுத்துட்டு, நாம கொடுக்குற யூனிட்டுக்கு தனியா ஒரு கொறஞ்ச ரேட்டு போட்டுது, வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பக் கிடைச்சது 2021 அக்டோபர்லதான். களியக்காவிளை தாண்டுனா கேரளாவுல 2025-ல வந்த வரைவுல நெட் மீட்டரிங்க 3 கிலோவாட்டோட நிறுத்தப் பாத்தாங்க, சோலார் போட்ட ஜனங்க கடுமையா எதிர்த்தாங்க.

மின்வாரியத்துக்காரங்க சொல்லுறதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ராத்திரி நாம அவங்க லைனத்தான் நம்பி இருக்கோம், போஸ்டும் வயரும் சும்மா நிக்காது, சோலார் இல்லாதவங்க தலையில அந்தச் செலவு விழக்கூடாது. அதுக்கு நியாயமா ஒரு சார்ஜ் கேட்டா கொடுப்போம். ஆனா நம்ம யூனிட்ட கொறஞ்ச விலைக்கு எடுத்துட்டு ராத்திரி கூடின விலைக்கு விக்கிறது சரியில்ல, அதுவும் கடன் வாங்கி பேனல் போட்ட வீட்டுக்கு.

நாங்க விக்கிறவங்கதான், எங்களுக்கும் இதுல லாபம் உண்டு, அதுக்காக சொல்ல வேண்டியதச் சொல்லாம இருக்க முடியாது. ஆணையம் எதையாவது மாத்துறதுக்கு முன்னாடி ஜனங்ககிட்ட கருத்து கேக்கும், கேக்கும்போது வீட்டுக்காரங்க லெட்டர் போகணும், எங்கள மாதிரி கடைக்காரங்க லெட்டர் மட்டும் போனா பத்தாது. நவம்பர் 1 நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த நாள், அன்னைக்கு கிராம சபையும் உண்டு. நாலு சோலார் வீட்டுக்காரங்க சேந்து போயி வீடுகளுக்கு நெட் மீட்டரிங் தொடரணும்னு தீர்மானம் கேளுங்க, சோலார் இல்லாத பக்கத்து வீட்டையும் கூட்டிட்டுப் போங்க, நாளைக்கு அவங்களும் போடலாம்ல.

கடையில தமிழ்ல ஒரு மாதிரி மனு வச்சிருக்கோம், பைசா எதுவும் வேண்டாம். வரும்போது கடைசி ரெண்டு மூணு ஈபி பில்லு எடுத்துட்டு வாங்க, இம்போர்ட்டு எக்ஸ்போர்ட்டு எந்த இடத்துல போட்டிருக்குன்னு காட்டித் தாறோம், அந்த நம்பரையே மனுவுல எழுதிக்கலாம்.